கழற்றிய விசிறியின் காற்று

அஞ்சலாட்சி மேசை விசிறியை முழுசாகக் கழற்றி, கூண்டை ஒரு பக்கமும் இறக்கைகளை ஒரு பக்கமும் மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருளை ஒரு பக்கமுமாகப் பழைய போர்வையின் மேல் வரிசையாக வைத்து முடித்த பிறகும் காற்று மட்டும் நிற்காமல் வீசிக்கொண்டிருந்ததை எங்கள் லைனில் முதலில் கண்டுபிடித்தது பவுலினின் கைக்குழந்தைதான். வேர்க்குருவும் அழுகையுமாக வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, அன்றைக்கு மத்தியானம் அஞ்சலாட்சி வீட்டு மூலைக்கு வந்ததும் அழுகையை நிறுத்தி, கண்ணைச் சொருகி, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனது. எங்கிருந்து வருகிறது இந்தக் காற்று என்று பவுலின் கேட்டாள். அந்த விசிறியிலிருந்து என்று அஞ்சலாட்சி சொன்னாள். அதைத்தான் கழற்றிப் போட்டுவிட்டாயே என்று இவள் கேட்க, ஆமாம், கழற்றிவிட்டேன் என்று அவள் சொல்ல, அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை, ஏனென்றால் குழந்தை தூங்கும்போது எங்கள் லைனில் யாரும் எதையும் தோண்டித் துருவிக் கேட்பதில்லை.

எங்கள் லைன் என்று நான் சொல்வது, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில், கோதண்டம் என்பவர் வாடகைக்கு விடுவதற்காகவே எதிரும் புதிருமாகக் கட்டிப்போட்ட ஒற்றை அறை வீடுகளை. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் செல்போன் கம்பெனி வேலைக்கென்று பஸ் ஏறி வந்த பெண்கள் நாங்கள். வந்த இடத்தில் சிலருக்குக் கல்யாணம் ஆனது, சிலருக்கு முடி கொட்டியது, பிறகு ஒரு நாள் கம்பெனியை மூடிவிட்டார்கள். மூடிய பிறகு நான் செருப்புக் கம்பெனிக்குப் போனேன். பவுலின் கார் சீட் தைக்கும் இடத்துக்குப் போய், பிள்ளை உண்டானதும் நின்றுவிட்டாள். எங்களுக்கெல்லாம் லைன் லீடராக இருந்த குணவதி அக்கா ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாகச் சேர்ந்து, அங்கேயும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். அஞ்சலாட்சி மட்டும் காலையில் ஒரு இட்லிக் கடைக்கு மாவரைத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து எதையாவது பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குள் ஒரு குறை இருந்தது, அதை அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். கம்பெனியில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, மூடி போட்டுக் குப்புறக் கவிழ்ந்து வரும் செல்போனின் கீழ்மூலையில் இரண்டு குட்டித் திருகாணிகளை முடுக்குவது. போன் வரும், முடுக்குவாள், போன் போகும், அடுத்தது வரும். அத்தனை வருஷமும் அத்தனை போன்கள் அவள் கை வழியாகப் போயிருந்தும் ஒன்றின் வயிற்றுக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்ததில்லை, ஏனென்றால் பார்க்க நினைத்து ஒரு மூச்சு தாமதித்தால் பின்னால் வருவது முட்டிக்கொள்ளும், முட்டினால் லைன் நிற்கும், லைன் நின்றால் குணவதி அக்கா வந்து தலைமாட்டில் நிற்பாள். கம்பெனியை மூடிய அன்று நாங்கள் எல்லோரும் கேட்டில் நின்று அழுதபோது, அவள் மட்டும் உள்ளே என்னதான் இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அவள் மஸ்தான் பாயின் காயலான் கடைக்குப் போய், தொண்டை கட்டி எப்போதோ செத்துப்போன ஒரு ரேடியோவை வாங்கி வந்தாள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பலகையின் மேல் வெள்ளிக் கோடுகள் தெருத்தெருவாக ஓடியதையும், தெருமுனைகளில் சின்னச் சின்னத் தண்ணீர்த் தொட்டிகள் போல எதுவோ நின்றதையும், கலர் கலராக வளையம் போட்ட மணிகள் வீட்டு வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்ததையும் பவுலினைக் கூப்பிட்டுக் காட்டினாள். இதையெல்லாம் எடுத்து வேறு ஒன்றாகச் சேர்க்க வேண்டும், கை அரிக்கிறது என்று சொன்னாள். என்னவாகச் சேர்ப்பாய் என்று பவுலின் கேட்டதற்கு, அது தெரிந்தால் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் பவுலினின் தலைக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

பிரிப்பதில் அவளுக்கு ஒரு நறுவிசு உண்டு. காயலான் கடையில் டிவியைச் சம்மட்டியால் ஒரு போடு போட்டுச் செம்பை மட்டும் உருவிக்கொள்வார்கள். அப்படிப் போட்ட ஒருவனை டிவி தூக்கி அடித்த கதையை பாயே சொல்லி எச்சரித்திருந்தார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நெனச்சுக்காதம்மா. உள்ள கரண்ட் உட்கார்ந்திருக்கும். தொடறவங்களுக்காகக் காத்திட்டிருக்கும்."

அதனால் அவள் எதைக் கொண்டுவந்தாலும் முதல் நாள் தொடுவதில்லை, அது பாட்டுக்கு மூலையில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவாள். மறுநாள் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு காய்ந்த பலகையின் மேல் உட்கார்ந்து, டிவியாக இருந்தால் பிடியில் ரப்பர் போட்ட திருப்புளியின் கழுத்தில் ஒரு ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தில் மாட்டி, படக்குழாயின் மேலிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் மெதுவாக நுழைப்பாள். அப்போது இடது கை இடுப்புக்குப் பின்னால் மடங்கியிருக்கும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பாள். டப்பென்று ஒரு சத்தம் வரும், உள்ளே உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விடும். அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து கடைசி நாளில் மறதியாகக் கையிலேயே கட்டி வந்துவிட்ட, உடம்புக் கரண்ட் பலகையைக் கெடுக்காமலிருக்க அங்கே எல்லோரும் போடும் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பலகையைத் தொடுவாள். கண்ணாடியைத் தட்ட மாட்டாள், உப்பிப்போன பேட்டரியைக் கண்டால் பிரிக்காமல் மணல் வாளியில் வைத்து பாயிடமே திருப்பி அனுப்புவாள், மைக்ரோவேவ் அடுப்பு என்றால் வாசலோடு சரி. எடுத்த ஒவ்வொரு திருகாணியையும் எடுத்த வரிசையிலேயே போர்வையில் வைப்பாள். தூங்கும் பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரிதான் அவள் எதையும் கழற்றினாள்.

விசிறிக் காற்று நின்றுபோகாத சமாச்சாரம் தெரிந்த பிறகுதான் முன்பு கழற்றியவற்றின் மேலும் எங்களுக்குக் கவனம் போனது. ரேடியோ இருந்த இடத்தில் ஒரு ஆண் குரல் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தது, அதைப் பக்கத்து வீட்டுச் சத்தம் என்று அவளும், அவள் வீட்டுச் சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரியும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே எமர்ஜென்சி விளக்கு இருந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் தானாக எரிந்துகொண்டிருந்தது. அடுத்து டிவியைக் கழற்றியபோது, பெட்டியும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் அறையின் நடுவில் முழங்கால் உயரத்தில் படம் மட்டும் நின்றது. அதில் ஒரு பெண் வயல் வரப்பில் நின்றுகொண்டு நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைப் பற்றி ஓயாமல் பேசினாள். பிள்ளைகள் அவள் வயிற்றுக்குள் கையை விட்டு முதுகு வழியாக எடுத்தார்கள், அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உயிரோடிருந்தபோது ஓடாத சாமான்கள் எல்லாம் பிரித்த பிறகு ஓடியது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கிரைண்டரைக் கழற்றினாலும் இப்படி ஓடுமா என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கோடையில் மத்தியானம் ஆனால் கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. எனவே லைன் முழுக்க அஞ்சலாட்சி வீட்டுக்குள் வந்து உட்கார ஆரம்பித்தது. குழந்தையைக் காற்றுக்கு நேராகத் துணித்தூளி கட்டிப் போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ஒரு கை வெளிச்சத்தில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினார்கள். யாரோ கொடுத்த மிக்ஸியை அவள் கழற்றிவைக்க, அதன் சுழற்சி மட்டும் சுவரோரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டு எதிர்வீட்டுக்காரி ஆசையாகத் தேங்காயையும் பொட்டுக்கடலையையும் அதற்குள் போட்டாள், சட்னி நன்றாகத்தான் அரைபட்டது, ஆனால் அறையின் நாலு சுவரிலும் எங்கள் முகத்திலும் இருந்தது. மறுநாளிலிருந்து சுழற்சியைச் சுற்றி ஒரு குண்டானைப் பிடித்துக்கொள்ளப் பழகினோம். இரண்டு பேர் வெற்றிலை பாக்கு வைத்துக் கற்பூரம் ஏற்றிப் பார்த்தார்கள், ஏற்றிய கற்பூரத்தைக் காற்றே அணைத்துவிட்டது, அதோடு அந்த முயற்சி நின்றது. மீட்டர் கணக்கெடுக்க வந்தவர், மீட்டர் சுற்றாமல் வெளிச்சம் எரிவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, கதவு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் கோதண்டத்துக்கு இதைப் பார்த்ததும் தன் வீட்டு ஏசியின் மேல் கண் போனது. பில் கட்டாத குளிர்ச்சி கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர், அஞ்சலாட்சியைக் கூப்பிட்டால் நாலு நாள் ஆக்குவாள் என்று, குழாய் வேலை செய்யும் ஒருவனைக் கூட்டிவந்து உளியை வைத்துத் தட்டிப் பிரித்தார். உஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது, கொஞ்சம் எண்ணெய் ஒழுகியது, அப்புறம் வெறும் தகரம்தான் மிச்சம். அந்த வீட்டம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசாமல் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கோடை வரும். கொக்கி ஒடியாமல், மரை தேயாமல், முறையாகப் பிரித்தால்தான் வேலை தங்கும் என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது, அது தெரியாமலேயே இருந்திருக்கலாம். ஒரு நாள் அஞ்சலாட்சி ரேடியோவின் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, அதை விசிறிக் கூண்டுக்குள் வைத்தால் எதுவோ ஒன்றின் வயிறு மாதிரி இருக்குமே என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்த குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. மறுபடி அதே இடத்தில் வைத்ததும் மீதி வார்த்தையிலிருந்து தொடர்ந்தது. அப்போது அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போர்வையைப் பார்த்தோம், பிறகு ஒரே நேரத்தில் குணவதி அக்காவைப் பார்த்தோம்.

நிலைப்படியில் நின்றிருந்த குணவதி அக்கா உள்ளே வந்தாள். மறுநாள் எங்கிருந்தோ மஞ்சள் டேப் வாங்கி வந்து, போர்வைகளைச் சுற்றித் தரையில் ஒட்டினாள். கோட்டுக்கு உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது என்றாள். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று ஆள் பிரித்துக் காவலுக்குப் போட்டாள். செருப்புகளை வாசலில் விட வேண்டும், தலைமுடியைக் கொண்டை போட வேண்டும், போகும்போது பையை விரித்துக் காட்ட வேண்டும். எங்களுக்கும் இதெல்லாம் தப்பாகவே தெரியவில்லை, சொல்லப்போனால் கம்பெனி மூடிய பிறகு முதல் முறையாக எங்களுக்குக் கை கால் சரியான இடத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. எனக்கு பி ஷிப்ட் கிடைத்தது, அதில் எனக்குப் பெருமைகூட. ஒரு அறைக்குள் காற்றும் வெளிச்சமும் சும்மா கிடைத்தால் வேறு ஊர்க்காரர்கள் திருவிழா கொண்டாடியிருப்பார்கள், நாங்கள் அதைச் சுற்றி ஒரு கம்பெனி கட்டினோம்.

அந்தக் கம்பெனியில் வேலை இல்லாமல் போனது அஞ்சலாட்சிக்கு மட்டும்தான். அவள் வீடு, அவள் கொண்டுவந்த சாமான், அவள் கழற்றிய திருகாணி, ஆனால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அவள் பார்க்கத்தான் முடிந்தது. அவள் அதையெல்லாம் பிரித்ததே வேறொன்றாகச் சேர்க்கத்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு செப்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொள்ளவா என்று அவள் கேட்டபோது, குணவதி அக்கா குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னாள்.

"எடுத்தா காத்து நிக்கும். கொழந்தை அங்க தூங்குது. நீயே சொல்லு, எடுக்கலாமா?"

அஞ்சலாட்சி தூளியைப் பார்த்தாள், காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக எதையாவது பிரித்துக்கொள்ளேன் என்று நாங்கள் சொன்னோம். பிரித்தாள். பிரித்ததும் அதன் வேலையும் தங்கியது, தங்கியதும் அதற்கும் ஒரு பயன் கண்டுபிடித்தோம், கண்டுபிடித்ததும் மஞ்சள் டேப் இன்னும் கொஞ்சம் நீண்டது. கடைசியில் அவள் பாயை விரிக்கச் சமையல் மேடைக்குக் கீழேதான் இடம் இருந்தது. சோறு சரியாக இறங்காமல் இளைத்துப்போனாள். மாவரைக்கும் நேரத்தில்கூட அவள் விரல்கள் இல்லாத ஒன்றைத் திருகிக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் பார்த்துவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பிரிக்க மட்டும் செய்து சேர்க்கவே முடியாமல் போனால் கை செத்துப்போகும் போலிருக்கிறது என்று அவள் ஒரு நாள் பவுலினிடம் சொன்னாள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் குணவதி அக்காவிடம் கொடுத்துவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடப் போவதாகவும், அங்கே எந்தச் சாமானையும் கையால் தொடப்போவதில்லை என்றும் சொன்னாள். சொன்னது பொய்யில்லை, துணிமணியைப் பையில் கட்டி வைத்திருந்தாள்.

பவுலின் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரியாகப் பேசவில்லை என்று அவள் புருஷன் பிறகு சொன்னார். பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றாளாம். அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரக்கமும் இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவளைத் தெரியும், கம்பெனியில் எனக்கு அடுத்த இடத்தில் நின்றவள். அவளைத் தூங்கவிடாமல் அடித்தது அந்த ரேடியோ நாளில் பதில் கிடைக்காமல் போன கேள்விதான். அது என்னவாக ஆகியிருக்கும்? அஞ்சலாட்சி பஸ் ஏறிவிட்டால் அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானம் அவள் ஷிப்ட். கரண்ட் இல்லை. அறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காற்றில் கால் நீட்டிக் கண்ணயர்ந்திருந்தோம். டிவிக்காரி புகையானுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பவுலின் எழுந்து அஞ்சலாட்சியின் பட்டையை எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். இடது கையை இடுப்புக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இத்தனை நாள் பார்த்துப் பழகியது போலவே குனிந்து, வலது கையால் விசிறியின் செப்புச் சுருளை எடுத்தாள்.

காற்று நின்றது. தூளி ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே தொங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. தூக்கம் கலைந்த எங்கள் எல்லோருக்கும் கோபம் வந்தது, எனக்கும் வந்தது, அந்தக் காற்று இல்லாமல் செருப்புக் கம்பெனி நைட் ஷிப்டுக்கு எப்படிப் போவேன் என்று அவளைப் பார்த்து நானே கேட்டேன். குணவதி அக்கா சுவரோரம் நின்றிருந்தவள், லைனை நிறுத்திவிட்டாயே என்று மட்டும் சொன்னாள். பவுலின் சுருளைக் கொண்டுபோய் அஞ்சலாட்சியின் மடியில் வைத்தாள்.

"கொழந்தை அழுதுடி," என்றாள் அஞ்சலாட்சி.

"அழட்டும். அட்டையால வீசிக்கிறேன், எனக்குக் கை இல்லையா? இது என்னவா ஆகும்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீ செய்."

அஞ்சலாட்சி அந்தச் சுருளைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அதன் ஒரு முனையைப் பிரித்து இழுத்தாள், அது பளபளவென்று நீளமாக வந்தது. எங்களில் யாரோ ஒருத்தி அதைப் பிடரி மாதிரி இருக்கிறதே என்று சொன்னாள். இல்லை, மீசை மாதிரி என்றாள் இன்னொருத்தி. கோபமாக எழுந்து வாசல்வரை போனவர்கள் அங்கேயே நின்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க ஷிப்ட் இல்லாதவர்களும் வந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள், எடுக்க எடுக்க ஒவ்வொரு வேலையும் அவிந்தது. ஒலிபெருக்கியை எடுத்தபோது ரேடியோக்காரன் வாக்கியத்தை முடிக்காமலேயே போனான். மிக்ஸியின் சுழற்சி கடைசியாக ஒரு மிளகாயை அரைத்துவிட்டு அடங்கியது. டிவியின் பச்சைப் பலகையை எடுக்கும்போது பிள்ளைகள் வயல்காரியிடம் போய்ச் சொல்லிக்கொண்டார்கள், அவள் இலையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே மறைந்தாள். அறை பழையபடி புழுக்கமாக ஆனது. பவுலின் ஒரு கையில் அட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு வீசிக்கொண்டே இருந்தாள், அவள் கை வலிக்கும்போது வேறு யாராவது அட்டையை வாங்கிக்கொண்டோம். காலை இப்படி வை, கழுத்தை இன்னும் கொஞ்சம் தூக்கு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னோம், அவள் ஒன்றையும் கேட்கவில்லை. விசிறிக் கூண்டு விலா எலும்பானது. அதற்குள் ஒலிபெருக்கி வயிறானது. ரேடியோ மணிகளைக் கழுத்துக்குக் கோத்தாள். இத்தனை நாள் எங்களுக்குக் காற்றடித்த இறக்கைகள் இரண்டு பெரிய காதுகளாகப் படுத்துக்கொண்டன.

அவள் செய்யச் செய்ய எங்களுக்குள் ஒரு நம்பிக்கை வளர்ந்தது, யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பிரித்தபோதே ஒவ்வொன்றும் தனித்தனியாக அவ்வளவு வேலை செய்ததே, எல்லாம் சேர்ந்து ஒன்றானால் என்னவெல்லாம் செய்யும்? ஒரே நேரத்தில் காற்றும் வரும் வெளிச்சமும் வரும் என்றார்கள். லைன் முழுக்க வீசும் என்றார்கள். கடைசித் திருகாணியை முடுக்குகிறாள் என்று தெரிந்த அன்று, எதிர்வீட்டுக்காரி தேங்காயும் குண்டானுமாக வந்து தயாராக நின்றாள், பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள், கோதண்டம் தன் வீட்டம்மாவைக்கூட சமாதானம் செய்து கூட்டி வந்திருந்தார்.

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். பாய் அகலத்துக்கு ஒரு மிருகம் படுத்திருந்தது. கழுதை என்றால் கழுதை இல்லை, ஒட்டகம் என்றால் திமில் இல்லை. முன்னங்காலை மடக்கி, தின்று முடித்த மாடு போலத் தலையைச் சாய்த்து, செப்புப் பிடரி ஒரு பக்கமாகச் சரிந்து விழ, எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாமல் படுத்திருந்தது. நாங்கள் காத்திருந்தோம். காற்று வரவில்லை. வெளிச்சம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி தேங்காயை அதன் வாயருகே நீட்டிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். குழந்தை மட்டும் அழாமல், நெற்றியில் வேர்வை வழிய, அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் குணவதி அக்காதான் கேட்டாள். "எல்லாஞ் சரி. இது என்ன வேலை செய்யும்?"

அஞ்சலாட்சி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வேலையும் செய்யாதுக்கா."

கோதண்டத்தின் வீட்டம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். பவுலின் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மிருகத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்து, அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்ட முகம் அவளுக்கு இருந்தது.

"செய்யாட்டிப் போவுதுக்கா," என்றாள். "நம்மகிட்ட வந்தது எல்லாம் வேலதான் செஞ்சுது. நாமளும் அதத்தான் செஞ்சோம். இது ஒண்ணாவது சும்மா இருக்கட்டும்."

குணவதி அக்கா அந்த மிருகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உட்கார்ந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை, கம்பெனியில் லைன் லீடர்களுக்கு நாற்காலி கிடையாது, வேனிலும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே வருவாள், எங்கள் வீடுகளுக்கு வந்தாலும் நிலைப்படியில் நின்றபடியேதான் காபி குடிப்பாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி சத்தம் போட, மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மிருகத்துக்குப் பக்கத்தில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். ஒவ்வொருத்தராக நாங்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும், கரண்ட் வந்தது, எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எழுந்துபோய் விசிறியைப் போட எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.